தனி விடும் நேரம்

கச்சேரிக்குப் போனால் பாடகர் எங்கெங்கே ஓய்வெடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ரசிகர்களில் இப்படியும் ஒரு ரகம் உண்டு என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமல்ல. ஆனால் கண் ஒருமுறை அங்கே போய்விட்டால் அப்புறம் திரும்புவதில்லை. ஆலாபனையை ஒரு கட்டத்தில் முடித்து வயலினிடம் கொடுக்கிறார். கை பிளாஸ்குக்குப் போகிறது. இரண்டு மடக்கு வெந்நீர். வயலின்காரர் அதே ராகத்தை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் தொண்டைக்குச் சில நிமிடங்கள் கிடைத்துவிடுகின்றன. கிருதிக்கும் கிருதிக்கும் நடுவில் தம்புராவின் பிருடையைத் தொட்டுப் பார்க்கிறார். சரியாக இருந்த தம்புராதான். பிரதான உருப்படியின் கடைசியில் மிருதங்கத்துக்குத் தனி விட்ட பிறகுதான் நீண்ட ஓய்வு. கால் மணி நேரம். மிருதங்க வித்வான் பெரியவராக இருந்தால் அதற்கு மேலும்.

சபையில் பாதிப் பேர் அப்போதுதான் கேண்டீனுக்குக் கிளம்புவார்கள். இதைக் கண்டித்து எழுதாத விமர்சகர் இல்லை, திருந்திய ரசிகரும் இல்லை. நான் எழுந்து போகாததற்குக் காரணம் லயத்தின் மேலுள்ள பக்தி அல்ல. பாடகரின் கையைப் பார்க்க வேண்டும். தொண்டை ஓய்ந்திருக்கிறது, கை ஓயவில்லை. தொடையில் தட்டும் விரல் எண்ணிக்கையும் வீச்சும் ஆவர்த்தத்துக்கு ஆவர்த்தம் பிசகாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மிருதங்கமும் கடமும் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேர வேண்டியது அந்தக் கையிடம்தான். ஓய்வு என்றால் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் போவது என்று நினைத்திருப்பவர்கள் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகரை ஐந்து நிமிடம் கவனிக்கலாம்.

*

இந்த இடைவெளிகள் தானாக வந்து விழுந்தவை அல்ல. இன்று நாம் கேட்கும் கச்சேரியின் வரிசையைப் பெரும்பாலும் அமைத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). முதலில் வர்ணம். பிறகு சின்னச் சின்னக் கிருதிகள், விறுவிறுப்பாக. நடுவில் விஸ்தாரமான ஒன்று, தனி. அதன்பின் பதம், ஜாவளி, தில்லானா, திருப்புகழ் என்று லேசான துக்கடாக்கள். இதை ரசிகர்களுக்கு அலுப்புத் தட்டாத ஏற்பாடு என்றுதான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது உடம்பின் பலத்தைப் பங்கிட்ட கணக்காகவும் தெரிகிறது. வர்ணம் பாடினால் குரல் சூடேறிவிடும். மனப்பாடமாக இருப்பதால் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பலம் முழுதாக இருக்கும்போது கனமான வேலை. களைத்த பிறகு, களைத்த குரலாலும் அழகாகச் செய்யக்கூடியவை.

இதற்கு ஒரு விலை இருந்தது. முன்பெல்லாம் பல்லவிதான் கச்சேரியின் சிகரம். ஒரே ராகத்தில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்க முடிந்தது. இந்தக் கச்சேரி வரிசை வந்த பிறகு அந்த ஆழம் குறைந்துபோனது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. குறைப்பட்டதில் நியாயமும் உண்டு. ஆனாலும் நான் அரியக்குடி கட்சி. ஒரே இரவில் எல்லாவற்றையும் தந்துவிடுவதைவிட, எழுபது வயதிலும் மேடையேற முடிகிற ஒரு வழி எனக்குப் பெரிதாகப் படுகிறது. இது என் வயது சொல்லும் தீர்ப்பாகவும் இருக்கலாம். இருபத்தைந்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

என் காலை வேலையிலும் ஒரு வர்ணம் இருக்கிறது. நேற்று எழுதிய பக்கத்தை அப்படியே கையால் இன்னொரு தாளில் எடுத்தெழுதுவது. யோசனையே வேண்டாம். பக்கத்தின் கீழே வருவதற்குள் கை புது வாக்கியத்துக்குத் தயாராகியிருக்கும். மாலையில் மெய்ப்புத் திருத்தம், கடிதம், பில் அனுப்புவது. துக்கடாக்கள். இந்த வரிசை கலைந்து காலையிலேயே பில்லில் இறங்கிவிட்டால் அன்றைக்குக் கச்சேரி நடக்காது.

*

ஐந்து கட்டை ஸ்ருதி வைத்துப் பாடும் ஒரு பெண் தாரஸ்தாயி ஸட்ஜத்தில் நிற்கும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 390 தடவை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் இந்த மோதலின் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று போட்டுப் பார்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அளவுக்கு மீறிப் போனால் நாண்களில் தடிப்பு விழும், கணு வரும். அதற்கு முதல் மருந்து பேசாமல் இருப்பதும் குரலைக் கையாளும் விதத்தை மாற்றிக்கொள்வதும்தான். ரகசியம் பேசுவதுபோலக் கிசுகிசுப்பதைக்கூட மருத்துவர்கள் ஓய்வாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அதுவும் தொண்டையை இறுக்கும்.

அதனால்தான் மார்கழியில் பாடகர்கள் கல்யாண வீடுகளில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்கள். தயிரைத் தொடுவதில்லை, ஐஸ்கிரீம் பக்கம் போவதில்லை. பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகுக் கஷாயம். இவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது, எது நம்பிக்கை என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஒவ்வொருவர் பையிலும் ஒரு டப்பா இருக்கிறது. பழைய வித்வான்களில் சிலருக்கு வெற்றிலைச் செல்லமே மருந்துப் பெட்டி.

பேச்சைக் குறைப்பதுதான் இவற்றுள் கஷ்டமானது என்று தோன்றுகிறது. எழுதுகிறவனுக்கு இதற்கு இணையானது என்ன என்று யோசித்தேன். எழுதப்போகும் கதையைப் பற்றி யாரிடமும் பேசாமலிருப்பது. பேசித் தீர்த்த கதை காகிதத்துக்கு வரும்போது குரல் கம்மியிருக்கிறது.

*

மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பையன்களுக்கு ததிங்கிணதொம் சொல்லிக்கொடுப்பார்கள். த, தி, கி, ண, தொம்: ஐந்து மாத்திரை. ‘த’வுக்குப் பின் ஒன்று, ‘தி’க்குப் பின் ஒன்று என்று இடம் விட்டால் அதே சொல் ஏழாகும், நான்கு இடைவெளியிலும் ஒவ்வொன்று விட்டால் ஒன்பது. சொல் கூடவில்லை, கார்வைதான் கூடியிருக்கிறது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வைத்தால் 32. பத்து மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்று தடவை வாசித்தால் 30தான் வரும். ஆவர்த்தம் தொடங்கும் இடமான சமத்துக்கு இரண்டு குறையும். நடுவில் இருக்கும் இரண்டு சந்துகளிலும் ஒரு மாத்திரை கார்வை விட்டால் சரியாக வந்து விழுகிறது. கேட்பவர்கள் தலையாட்டுவது அந்த விழும் இடத்துக்கு. அதைச் சாத்தியமாக்கியவை வாசிக்கப்படாத அந்த இரண்டு மாத்திரைகள்.

இதில் எனக்குப் பிடித்தது, கார்வைக்கும் அளவு உண்டு என்பது. ஒன்று விட வேண்டிய இடத்தில் இரண்டு விட்டால் சொற்கட்டு சமத்தைத் தாண்டிப் போய்விடும். ஓய்வைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. நாவலை ஆறப்போடு என்கிறார்கள்; எத்தனை நாள் என்று சொல்வதில்லை. ஆறின பிறகும் கிடந்தால் ஊசிப்போகும். பாத்திரங்களின் குரல் மறந்துபோய், தெருவின் வளைவு எந்தப் பக்கம் என்று முந்தைய அத்தியாயத்தில் தேட வேண்டியிருக்கும்.

*

வயதானால் ஸ்ருதி இறங்கும். அரைக் கட்டை இறங்கினாலே வராண்டாவில் பேச்சு வந்துவிடும்: “கவனிச்சீங்களா சார், ஸ்ருதியைக் குறைச்சுட்டார்.” ஏதோ சொத்தை விற்றுவிட்ட செய்திபோல. ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய நாளில் உச்ச ஸ்ருதி தேவையாக இருந்தது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே. மைக் வந்து இத்தனை காலமாகியும் அந்த மதிப்பு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. எம்.டி. ராமநாதன் (1923–1984) தணிந்த ஸ்ருதியில், விளம்ப காலத்தில், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நம்மைக் காக்கவைத்துப் பாடினார். அது அன்று எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. மந்திரஸ்தாயியில் அவர் காட்டியதை மேலே எட்டிப் பிடிக்க நினைப்பவரால் காட்ட முடியாது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

முசிறி சுப்பிரமணிய ஐயரை (1899–1975) அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உச்ச ஸ்ருதியில் உருகிப் பாடிப் பேர் வாங்கியவர். உடல்நிலை காரணமாக, புகழ் குறையாத நாளிலேயே, மேடையிலிருந்து விலகிக்கொண்டார். 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வரானார். மணி கிருஷ்ணஸ்வாமி, டி.கே. கோவிந்தராவ், சுகுணா புருஷோத்தமன் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். இதைத் தியாகம் என்று எழுதினால் கதை சுலபமாகிவிடும். கைத்தட்டலுக்குப் பழகிய ஒருவர் காலை வேளையில் மாணவர்களுக்குச் சங்கதி சங்கதியாகச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது என்ன நினைத்திருப்பார்? தெரியாத ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். அவர் நிறுத்திய பிறகும் அவருடைய பாணி கேட்டுக்கொண்டிருந்தது என்பது மட்டும் உறுதி.

வீணை தனம்மாள் (1867–1938) வேறொரு ஏற்பாடு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசிப்பு. கேட்க வேண்டியவர்கள் அங்கே வந்து கேட்டார்கள், வித்வான்கள் உட்பட. கூடம் கொள்ளும் அளவுக்குத்தான் ஆட்கள். அந்த அளவில்தான் அந்த நாதம்.

எழுத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய இடைவெளி சுந்தர ராமசாமியுடையது. 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வந்த பிறகு சில ஆண்டுகள் ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளில் மறுபடி எழுத வந்தபோது மொழி வேறாக இருந்தது. அந்தக் கடையைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். எழுதாத ஆண்டுகளில் ஒருவன் சாப்பிட்டாக வேண்டும் என்கிற சங்கதி நம் இலக்கிய வரலாறுகளில் அடிக்குறிப்புக்குக்கூட வருவதில்லை.

*

ஒரு நாள் நான் கேண்டீன் வரிசையில் நின்றபோது ஒரு மிருதங்கக்காரர் அவசரமாக இட்லியை முடித்துக்கொண்டிருந்தார். பகல் கச்சேரி முடிந்து அடுத்த சபாவுக்குப் போக வேண்டும், இரவில் இன்னொன்று. டிசம்பரில் ஒரே நாளில் மூன்று மேடை ஏறும் பக்கவாத்தியக்காரர்கள் உண்டு. கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தோலுக்கு ஓய்வு உண்டு. விரலுக்கு?

அவரைப் பார்த்த பிறகு தனியின் கணக்கு எனக்குக் கொஞ்சம் மாறித் தெரிகிறது. பாடகரின் கால் மணி நேர ஓய்வு எங்கிருந்தோ வரவில்லை, இவர் கையிலிருந்து வருகிறது. விளம்பரத்தில் பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருப்பவரிடமிருந்து. வேண்டாம் என்று சொல்லும் வசதி முதல் பெயருக்கு வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வரும். பகல் பன்னிரண்டு மணிக்கு, இருபது பேர் இருக்கும் ஹாலில் பாடும் இளைஞர் எந்தச் சபாவிடமும் ‘இந்த வருஷம் நான்கு கச்சேரி போதும்’ என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். தொண்டையைக் காப்பாற்றிக்கொள் என்று அவருக்கு அறிவுரை சொல்வது சுலபம். அவருக்குக் கிடைத்திருப்பதே அந்த ஒரு மணி நேரம்தான்.

*

ஒரு பதிப்பகத்திலிருந்து மொழிபெயர்ப்பு வேலை வந்திருக்கிறது. கனத்த புத்தகம், சுமாரான தொகை, தை பிறப்பதற்குள் முதல் பாதி வேண்டுமாம். என்னுடைய நாவல் மூன்றாவது அத்தியாயத்தில் நிற்கிறது. அதற்கு யாரும் தேதி கேட்கவில்லை. ஒத்துக்கொண்டால் காலை நேரம் போய்விடும். மறுத்தால் வருமானம் போய்விடும், கூடவே அந்தப் பதிப்பகமும் போகலாம்.

மாசிக்குத்தான் முடியும், அதுவும் மாலை நேரங்களில் மட்டும் செய்வேன், முன்பணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. குறைகிற பணத்தை மூன்று மாதத்துக்கு ஈடுகட்டப்போவது மனைவியின் சம்பளம். அவள் ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறாள். சமையலில் பாதி அதற்கு முன்னும் பின்னும். பாதியை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இந்த மூன்று மாதமும் காலைச் சமையலை முழுதாக என்னிடம் விட்டுவிடச் சொன்னால் வர்ணம் ஏழரைக்குப் பதில் ஒன்பதே காலுக்குத் தொடங்கும். அத்தியாயம் அதே அளவுக்குப் பின்தங்கும். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு உட்கார்ந்து இதைப் பேச வேண்டும். நாவலின் தேதியையும் அன்றே அவளிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.