பிள்ளைகளோடு ஒரு பயணம்: விடுமுறையும் அமானிதமும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகள் "எங்க கூட்டிட்டுப் போறீங்க அத்தா?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். இதெல்லாம் வீண் செலவு என்று சிலர் நினைக்கிறோம். ஆனால் பூமியில் சுற்றித் திரிந்து, அவன் படைப்பை எப்படித் தொடங்கினான் என்று பார்க்கும்படி சூரா அன்கபூத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். நல்ல நிய்யத்தோடு போனால் அந்தப் பயணத்துக்கும் கூலி உண்டு.

சென்ற ஆண்டு நான் குடும்பத்தோடு முத்துப்பேட்டைக்கும் கோடியக்கரைக்கும் போனேன். கோரையாற்றில் படகில் போனால் இருபுறமும் அலையாத்திக் காடு. அங்குள்ள மரங்களின் வேர்கள் சேற்றுக்கு மேலே விரல்களைப் போல நிமிர்ந்து நின்று சுவாசிக்கின்றன. உப்பு நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தக் காடும் அடிபட்டது. முறிந்த இடத்தில் மீண்டும் துளிர்க்க வைப்பவன் யார்? கோடியக்கரையில் வெளிமான்கள் துள்ளி ஓடுகின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. பிள்ளைகளிடம் "சுப்ஹானல்லாஹ் சொல்லுங்க" என்று நாம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அவர்கள் வாயிலிருந்து தானாக வருகிறது.

சகோதரர்களே, இனி சொல்லப்போவது எனக்கே வெட்கமான செய்தி. படகுத்துறையில் நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். நான்கு வயது மகள் ஓரத்திலிருந்து நழுவிச் சேற்றில் முழங்கால் வரை புதைந்துவிட்டாள். படகுக்காரர்தான் ஓடிவந்து தூக்கினார். கவனிக்கத் தவறியது நான். ஆனால் எல்லோர் முன்னிலும் நான் திட்டியது அவளை! ஊர் திரும்பியதும் அவளுடைய நன்னி, "அங்க என்னம்மா பார்த்தே?" என்று கேட்டார்கள். மானைச் சொல்வாள், படகைச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். "அத்தா என்னைய கத்துனாங்க" என்றாள். மூன்று நாள் பயணத்தில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதைத்தான்.

அன்று இரவு எனக்கு நபி (ஸல்) அவர்களின் ஸஜ்தா நினைவுக்கு வந்தது. தொழுகையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது, அந்தப் பிள்ளை ஆசை தீர இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். பின்னால் ஒரு ஜமாஅத்தே காத்திருந்தது. நமக்கோ ஒரு படம் கெட்டுப்போனால் பொறுமை போய்விடுகிறது. மறுநாள் மகளை மடியில் உட்கார வைத்து, "தப்பு அத்தாமேலதாம்மா" என்று சொன்னேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் தகப்பனின் கண்ணியம் குறைந்துவிடாது.

ஆகவே புறப்படுமுன் சிலவற்றை மனதில் வையுங்கள்.

முதலாவது, தொழுகை. சுமார் 80 கிலோமீட்டரைத் தாண்டிய பயணமென்றால், ஊர் எல்லையைக் கடந்தபின் லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம். ஃபஜ்ரிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அதனதன் நேரத்தில் தொழ வேண்டும். அல்லாஹ் இவ்வளவு இலேசாக்கித் தந்த பிறகும் விட்டுவிட நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

இரண்டாவது, பாதுகாப்பு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. படகில் மிதவை உடை போடாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். தண்ணீர் ஓரத்தில் ஒரு கை பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, அங்குள்ள உயிர்கள். ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் நண்டைப் பிடித்து பாட்டிலில் அடைக்கும்போது இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். தின்ற பொட்டலத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், இடையூறை நாமே போட்டுவிட்டு வருவது எதன் கிளை?

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக்கித் தருவாயாக! அவர்களின் நினைவில் எங்களைக் கோபக்காரர்களாக அல்ல, அன்பானவர்களாக நிலைக்கச் செய்வாயாக! பயணம் செல்வோரை ஸலாமத்தாக வீடு சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.