கடைசியில் வருகிறவர்

பத்து நண்பர்கள் சேர்ந்து மலைக்காட்டில் இரண்டு நாள் கூடாரமடித்துத் தங்குவதென்று தீர்மானித்துவிட்டால், முதல் காரியமாக ஒரு ஜாபிதா தயாராகிறது. கூடாரம், கம்பளி, டார்ச் விளக்கு, அரிசி, உப்பு, காப்பிப் பொடி. காப்பிப் பொடியை மட்டும் மூன்று பேர் தனித்தனியே ஞாபகப்படுத்துவார்கள். ஜாபிதா எவ்வளவு நீண்டாலும் இரண்டு கேள்விகளுக்கு அதில் இடமிருப்பதில்லை. நம்மில் மிகவும் மெதுவாக நடப்பவர் யார்? 'போதும், திரும்பிவிடலாம்' என்று எப்போது சொல்வது?

ஏற்பாடு சம்பந்தமான சில்லறைக் கேள்விகள் என்று இவை தோன்றலாம். எனக்கென்னவோ இவை தர்மத்தைப் பற்றிய கேள்விகளாகவே படுகின்றன.

தனியாகக் காட்டுக்குள் போகிறவன் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கிறான். கூட்டமாகப் போகும்போது அந்த ஜாக்கிரதை குறைந்துவிடுகிறது. வழியை அவர் விசாரித்திருப்பார், தண்ணீரை இவர் கவனித்துக்கொள்வார், அனுமதியை இன்னொருவர் வாங்கியிருப்பார் என்று ஒவ்வொருவரும் தம் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒப்படைத்தவர்கள் பத்துப் பேர், பெற்றுக்கொண்டவர் ஒருவருமில்லை.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விடுமுறையைச் சந்தோஷமாகக் கழிக்கப் போனவர்கள் அவர்கள். மாசி, பங்குனியில் மலைச்சரிவுப் புல் காய்ந்து கிடக்கும். அதில் பற்றிய நெருப்பு, சரிவில் கீழிருந்து மேலே வெகு வேகமாக ஏறும். மாண்டவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் உயிரோடிருக்கிற நாம், அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கும்போது, 'லீவு எப்போது?' என்று காலண்டரைப் பார்க்கிறோமே தவிர, 'புல் எப்படி இருக்கிறது?' என்று மலையடிவாரத்துக்காரரிடம் கேட்கிறோமா?

அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில், 40 பாதைகளைத் தேர்ந்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்லும் திட்டத்தையும் தொடங்கியது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் நம்மோடு வரும் நண்பரின் முழங்கால் வலியை எந்த அனுமதிச் சீட்டும் அறியாது. அதை அறிய வேண்டியவர்கள் நாம்.

'எல்லோரும் வயது வந்தவர்கள். ஆபத்தைத் தெரிந்தேதான் வருகிறார்கள். அவரவர் பாடு அவரவருக்கு' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நாட்டில் இந்த வாதம் செல்லலாம், காட்டில் செல்லாது. அங்கே ஒருவர் கால் பிசகினால் அவரைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரின் மூட்டைகளைச் சுமக்க மற்றவர்கள் வேண்டும். அப்புறம் அது ஒருவருடைய கால் ஆகுமா? நம்மைத் தேடி இருட்டில் மலையேறி வரும் கிராமத்தாரும் வனக்காவலரும் எந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டார்கள்?

ஆகவே, கடைசியில் வருகிறவரின் நடைதான் கூட்டத்தின் நடையாக இருக்க வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இது அநியாயமல்லவா என்றால், கொஞ்சம் அநியாயம்தான். அவர் ஒரு சிகரத்தை இழக்க நேரலாம். பின்னால் வருகிறவர் இழக்கக்கூடியதோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தளர்ந்தவர் வாய் திறந்து சொல்லமாட்டார். தம்மால் பத்துப் பேரின் சந்தோஷம் கெடக் கூடாதே என்று, 'எனக்கு ஒன்றுமில்லை, போங்கள்' என்பார். மற்றவர்களுக்கும் அதை நம்பிவிடுவது சௌகரியமாக இருக்கும். சிகரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு செய்கிற முடிவில் நியாயத்தைவிட ஆசைதான் அதிகம் பேசும். அதனால் அந்த முடிவை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டும். 'எங்கே இருந்தாலும் பகல் 2 மணிக்குத் திரும்பிவிடுவோம்' என்று ஜாபிதாவில் ஒரு வரி. நேரம் வந்ததும் எல்லோரும் திரும்புவார்கள். யாருக்காகத் திரும்பினோம் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கடைசியில் வருகிறவரும் தலை குனிய வேண்டியதில்லை.