கூடத்து மாடு

என் மனைவி அதை சோபா என்று சொல்வதில்லை. "மாட்டைத் துடைச்சாச்சா?" என்றுதான் கேட்பாள். மகன் பெங்களூருக்கு மாறிப் போனபோது எங்கள் தாம்பரம் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனது. மூன்று பேர் உட்காரலாம், காப்பிக்கொட்டை நிறம், அசல் தோல். நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். முட்டை போட்ட கேக் வாசற்படி தாண்டாத வீடு.

வந்த மாதமே ஒரு தப்புச் செய்தேன். தோல்தானே என்று, சனிக்கிழமை என் தலையில் வைத்தது போக மிச்சமிருந்த தேங்காயெண்ணெயை அதன் மேலும் தடவினேன். அன்றைக்கு என்ன பளபளப்பு! பத்து நாளில் பிசுபிசுத்து, தூசி அப்பி, காறல் வாடை அடிக்க ஆரம்பித்தது.

சோபா ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டோம். ஆம்பூர்க்காரர், சின்ன வயதில் டேனரியில் வேலை பார்த்தவர். "உசுரோட இருக்கிற தோலுக்குத்தாங்க எண்ணெய். இது குடிக்க வேண்டியதை டேனரியிலேயே குடிச்சிருச்சு" என்றார். முதலில் காய்ந்த பருத்தித் துணியால் இடுக்குத் தூசியை எடுக்க வேண்டும். பிறகு துணியை நனைத்து, சொட்டு விழாதபடி பிழிந்து, ஒரே சீராகத் துடைக்க வேண்டும். துணி சோப்பு ஆகாது. சோப்பில் காரம், பதனிட்ட தோலில் லேசான புளிப்பு, இரண்டும் சேராது. வெயிலில் காயவைக்கக் கூடாது, மின்விசிறிக் காற்று போதும். மழைக்காலத்தில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் பூஞ்சை பிடிக்காது. "உங்க தலை எண்ணெய்தான் இதுக்கு முதல் எதிரி. சாயுற இடத்துல துண்டு போடுங்க."

பேசிக்கொண்டே வலது கைப்பிடியில் விரலை ஓட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஓர் அங்குல நீளம், சுற்றியுள்ள நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறிய கோடு. பூனை பிராண்டியது என்று நான் நினைத்திருந்தேன். "முள்கம்பி கிழிச்சு ஆறின தழும்புங்க. செத்த பிறகு பட்ட கீறல் ஆறாதே." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா மாடுன்னு சொல்றாங்க. இவ்வளவு பெரிய சோபாவுக்கு ஒரு மாடு பத்தாதுங்க."

அன்றிலிருந்து கணக்கு ஒத்துவரவில்லை. தோல் தீட்டு என்று செருப்பை வாசலில் விடுகிறோம். என் தாய்மாமாவின் மிருதங்கமோ பூஜை அறையை ஒட்டித்தான் இருந்தது. அதில் மாட்டுத் தோலும் உண்டு, ஆட்டுத் தோலும் உண்டு, இழுத்துக் கட்டியது எருமை வார். தாத்தா ஜபம் பண்ணியது மான்தோல் மேல். சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவாரை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் அவர். அத்தனையும் உள்ளே போயின. அவர் வாசலில் நின்றார். அப்படியானால் தீட்டு தோலில் இருக்கவேயில்லை.

தீட்டை விடுங்கள், கொலையை என்ன செய்வது? "தோலுக்காக யாரும் மாட்டை வெட்டறதில்லைங்க, கறிக்குத்தான்" என்றார் ஆம்பூர்க்காரர். கேட்கச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். மாட்டுக்கு விலை பேசும்போது தோலின் விலையும் அதில் சேருகிறது. வாங்குகிறவன் இல்லையென்றால் விற்கிறவனும் இல்லை என்று புலாலுக்கு வள்ளுவர் வைத்த வாதம் தோலுக்கும் அப்படியே பொருந்தும். காந்தி இதற்காகவே தானாகச் செத்த மாட்டின் தோல் போதும் என்றார். என் மகன் கடையில் அப்படிக் கேட்டு வாங்கியிருக்க மாட்டான். டேனரிக் கழிவில் கெட்ட பாலாற்றங்கரைக் கிணறுகளும் இந்தக் கணக்கில் உண்டு. வேலூர்ப் பக்கத்து டேனரிகள் பற்றிய வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. உயிர் என்றால் மாடு மட்டுமா?

தூக்கிப் போட்டுவிடலாமே என்றாள் மனைவி. போட்டால் என் கண்ணிலிருந்துதான் போகும். மாடுகள் திரும்பி வராது. குப்பை மேட்டில் ஒரு மூட்டை கூடும். அதற்காக, வாரா வாரம் துடைத்தால் பாவம் கரையும் என்றும் நான் நம்பவில்லை. பாழாகாமல் வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். கைப்பிடித் தழும்பின் மேல் மட்டும் துண்டு போடுவதில்லை.

அன்று வேலை முடிந்ததும் மனைவி காப்பி கொண்டுவந்தாள். ஆம்பூர்க்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். "மேலே உட்காருங்க" என்றேன். "சட்டையெல்லாம் அழுக்குங்க" என்று அங்கேயே குடித்தார். நான் எழுந்து போவதற்குள் பின்கட்டுக் குழாயில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.