36 படங்களும் கண்ணின் மட்டசனமும்

பழைய பிலிம் கமராக்களுக்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. பிலிம் கமரா செய்வதைப் பெரிய நிறுவனங்களிற் பெரும்பாலானவை கைவிட்டுவிட்ட நிலையில், 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யப்பானின் ரிக்கோ நிறுவனம் ‘பென்ராக்ஸ் 17’ என்னும் புதிய பிலிம் கமராவொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிலிமையே கண்டறியாத இளந்தலைமுறையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது அது. நமது வீடுகளிலும், அலுமாரியின் மேல்தட்டில் தோலுறையோடு கிடந்த தாத்தாவின் கமராவைப் பேரன் எடுத்துத் துடைத்துப் பார்க்கிறான். கைத்தொலைபேசியில் ஒரு சதமும் செலவின்றி ஆயிரம் படம் எடுக்கலாமே, றோல் வாங்கவும் அதைக் கழுவவும் பிரதியெடுக்கவும் காசைக் கொட்டுவானேன் என்று பெற்றோர் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானது. பழைமைக்கு ஒரு தனியழகு உண்டு என்ற பதில் அதற்குப் போதாது. அழகுக்காக என்றால் அது அவரவர் விருப்பம். அதைப்பற்றி இப்பத்திரிகையில் எழுதவேண்டிய தேவையில்லை. ஆனால் ஒழுக்கஞ் சார்ந்த வினாவொன்றும் இதற்குள் இருக்கிறது. ஒருவன் தனக்குள்ள வசதியைத் தானாகவே குறைத்துக்கொள்வதால், அவன் பிறரைப் பார்க்கும் பார்வை திருந்துமா?

கமராவுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். பிலிம் என்பது மெல்லிய பிளாஸ்ரிக் நாடா. விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சியெடுக்கும் ஜெலற்றின் அதன்மேற் பூசப்பட்டிருக்கும். அந்த ஜெலற்றினுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய பளிங்குகள் பரந்திருக்கும். கமராவின் கதவு திறந்து மூடும் கணப்பொழுதில் ஒளி இப்பளிங்குகளைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் பிரிந்து நிற்கின்றன. அவ்வளவுதான். அந்நேரத்தில் பிலிமை எடுத்து எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் ஒன்றும் தெரியாது. படம் அங்கே இருக்கிறது, ஆனால் மறைந்திருக்கிறது. பின்னர் இருட்டறையில் இரசாயனக் கரைசலில் அமிழ்த்தும்போது, ஒளி தொட்ட பளிங்குகள் முழுவதும் வெள்ளியாக மாறிக் கறுத்துத் தோன்றும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து அகற்றிவிடும். மிஞ்சுவதே நெகற்றிவ். வர்ணப் பிலிமில் வெள்ளியின் இடத்தைச் சாயங்கள் பிடித்துக்கொள்ளுமே தவிர, அடிப்படை இதுவேதான்.

ஆகவே படமெடுத்தவர் தாம் எடுத்ததைக் காண நாட்களோ வாரங்களோ பொறுத்திருக்கவேண்டும். கத்தோலிக்கர்கள் அறிந்த நிகழ்ச்சியொன்று இதற்குப் பொருந்தும். இயேசுவின் திருவுடலைச் சுற்றியதென நம்பப்படும் சீலை 1898ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் தூரின் நகரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. செக்கொந்தோ பியா என்ற வழக்கறிஞர், படப்பிடிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தவர், மே 28ஆம் திகதி இரவு பெரிய கண்ணாடித் தகடுகளில் அதைப் படமெடுத்தார். சீலையில் மங்கிய கறைபோலவே காணப்பட்ட உரு, இருட்டறையில் கழுவிய நெகற்றிவில் தெளிவான ஒரு மனித முகமாக எழுந்தது. அந்தச் சீலை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தது என 1988ஆம் ஆண்டின் கரிமச் சோதனை கூறியதும், அதன்மேல் எழுந்த வாதப்பிரதிவாதங்களும் வேறு விடயம். தாம் எதை எடுத்தோம் என்பது எடுத்த வேளையில் பியாவுக்குத் தெரியாது என்பதே இங்கு கவனிக்கத் தக்கது.

இதனால் பிலிமை ஏதோ புனிதப் பொருளாக்கிவிடக் கூடாது. பியாவைப்போல் ஒவ்வொரு தகடாக இட்டு எடுத்தவர்களுக்குப் பிலிம் றோலே ஊதாரித்தனமாகத் தோன்றியிருக்கும். 1888ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஈஸ்ற்மன் விற்பனைக்கு விட்ட முதலாவது கொடாக் கமராவில் 100 படங்களுக்குப் பிலிம் இருந்தது; எடுத்து முடித்ததும் கமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். எளிதாய், ஏராளமாய் எடுக்கும் பழக்கத்தைத் தொடக்கிவைத்ததே பிலிம்தான். 1925இல் லைக்கா கமரா லைப்சிக் சந்தைக்கு வந்ததன்பின், 35 மில்லிமீற்றர் சினிமாப் பிலிமில் 36 படம் என்பது மெல்ல வழக்காகியது. இந்த 36 அன்று தாராளம், இன்று சிக்கனம்.

இனி, கமராவுக்கு முன்னால் நிற்பவரிடம் வருவோம். 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் செய்த டிஜிற்றல் கமராவுக்கு ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 விநாடிகள் தேவைப்பட்டன. இன்று பதிவதும் காண்பதும் ஒரே கணத்தில் முடிகின்றன. பிறந்தநாள் வீட்டில் படம் எடுத்த மறுகணம், “காட்டுங்கோ, காட்டுங்கோ” என்று பிள்ளை ஓடிவருகிறது. பார்க்கிறது. பிடிக்கவில்லை. சிரிப்பை மாற்றிக்கொண்டு மீண்டும் போய் நிற்கிறது. ஐந்து வயதிலேயே தன் முகத்தைத் தானே திருத்துகிற வேலை அதற்குக் கிடைத்துவிடுகிறது. பெரியவர்களும் அப்படியே. பெரியம்மா கண்ணை மூடிவிட்டால் அந்தப் படம் அப்போதே அழிகிறது. இரண்டாவதில் அவர் சரியாக நிற்க, மாமாவின் வாய் கோணியிருந்தால் அதுவும் போய்விடும். எட்டாவது படத்தில் எல்லாரும் சரி. ஆனால் அந்தப் படத்தில் நிற்பவர்கள், எட்டுத் தடவை ஒரே சிரிப்பைச் சிரித்துக் களைத்தவர்கள்.

பழைய அல்பங்களில் பெரியம்மா கண்ணை மூடியபடியே இருக்கிறார். காசு கொடுத்துக் கழுவியாயிற்று, எறிய மனம் வரவில்லை, ஒட்டிவிட்டார்கள். அவர் மறைந்து இருபது வருடங்களின் பின்னர், “பெரியம்மா எப்பவும் இப்படித்தான், படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிப்போடுவா” என்று சொல்லிச் சிரிக்கிறோம். எட்டாவது படம் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தப் பெரியம்மா நமக்குக் கிடைத்திருக்கமாட்டார். அழிப்பது படத்தைத்தானே, ஆளை அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் நாளுக்கு நூறு தடவை “இது வேண்டாம், இது சரியில்லை” என்று மனித முகங்களைத் தள்ளிப் பழகும் விரல், ஒரு மனப்பான்மையையும் கூடவே பழகிக்கொள்கிறது. மற்றவர் வந்தபடியே அவரை ஏற்றுக்கொள்வதற்குப் பயிற்சி வேண்டும். பிலிம் கமரா அந்தப் பயிற்சியைத் தருகிறது. அழிக்கும் வசதி அதில் இல்லாததால் தருகிறது.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும். வசதி இல்லாமையால் வருவதைப் புண்ணியம் என்று எப்படிச் சொல்வது? மிகச் சரியான தடை. சாப்பாடு இல்லாதவன் பட்டினி கிடப்பது ஒருசந்தி ஆகாது. நற்செயல் ஒன்று புண்ணியமாவதற்கு, செய்பவன் அறிந்து, தானே தெரிந்து, நிலையான மனத்தோடு செய்யவேண்டும் என்பது அரிஸ்ரோட்டிலிடமிருந்து புனித தோமஸ் அக்குவினாஸ் எடுத்துக்கொண்ட போதனை. அதன்படி பார்த்தால், 1970களில் 36 படங்களை எண்ணியெண்ணி எடுத்த தகப்பனார் மட்டசனம் காத்தார் என்று சொல்வதற்கில்லை. அவரிடம் இருந்தது அவ்வளவே. கூடக் கிடைத்திருந்தால் கூட எடுத்திருப்பார். அன்று அந்தக் கமரா வீட்டிலிருந்த ஆடம்பரப் பொருள்களுள் ஒன்றுங்கூட. ஆனால் அதே கமராவை இன்று கையிலெடுக்கும் பேரனின் சட்டைப்பையில் ஆயிரம் படம் எடுக்கும் கருவி கிடக்கிறது. அவன் தெரிந்து விடுகிறான். கமரா ஒன்றே, செயல் வேறு.

அப்படியானால் கைத்தொலைபேசியிலேயே அளவோடு எடுத்தாலென்ன? எடுக்கலாம், எடுக்க முடிந்தவர்கள் எடுக்கட்டும். ஆனால் ஒருசந்தி இருப்பவர் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதில்லை. தன் பலவீனத்தை அறிந்து முன்கூட்டியே தன் கையைக் கட்டிக்கொள்வதும் விவேகத்தின் பாற்பட்டதே. போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்று ஞானோபதேசத்திற் படித்தோம். கண்ணுக்கும் அதுபோன்றதொரு பசி உண்டு. புனித அகுஸ்தீனார் தமது ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாவது பாகத்தில் இதை ஆராய்கிறார். நாய் முயலைத் துரத்துவதும் பல்லி ஈயைப் பிடிப்பதுங்கூடத் தம் கவனத்தை இழுத்துச் சென்றுவிடுவதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பல்லிக்கே அந்தப் பாடென்றால், விரலால் தள்ளத்தள்ள முடிவின்றி வந்துகொண்டிருக்கும் படங்களை அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

பிலிமில் எடுத்ததைக் கழுவிய கையோடு சமூக ஊடகத்தில் ஏற்றி, “பார், நான் பிலிமில் எடுக்கிறேன்” என்று காட்டிக்கொள்வாரும் உளர். அங்கே கமரா வெறும் உடுப்பு. இதற்கு நேரெதிரான ஒருவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வாழ்ந்தார். பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்த விவியன் மையர், றோலுக்கு 12 படம் எடுக்கும் றோலிபிளெக்ஸ் கமராவோடு தெருத்தெருவாய் நடந்தார். அவர் விட்டுச்சென்ற நெகற்றிவ்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். அவற்றை அவர் உலகுக்குக் காட்டவில்லை. பல றோல்களைக் கழுவவே இல்லை. 2007ஆம் ஆண்டு அவருடைய பெட்டிகள் ஏலத்தில் விலைபோயின. 2009ஆம் ஆண்டு அவர் இறந்த பின்னரே புகழ் வந்தது. எண்ணிக்கையில் அவர் மட்டசனக்காரர் அல்லர். ஆனால் காட்டுவதற்காக அல்லாமல் காண்பதற்காகவே ஒருவர் வாழ்நாள் முழுவதும் படமெடுக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. அவர் காட்டாமல் வைத்ததை அவர் இறந்தபின் மற்றவர்கள் காட்டியது முறையா என்பது தனியாக ஆராயவேண்டியது. முறையல்ல என்பதே என் எண்ணம்.

இவ்வளவையும் கேட்டபடி ஒரு தாய் நம் முன்னால் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தபோது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம் இருந்தது. அப்படங்களுட் சில அடையாள அட்டைக்கென எடுத்தவை. சில பாடசாலைக் குழுப் படத்தில் ஒரு தலையை மட்டும் வெட்டிப் பெருப்பித்தவை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட குடும்பங்கள் பல, அல்பத்தை விட்டுவிட்டே வந்தன. மகனின் ஒரே ஒரு மங்கிய படத்தை நெஞ்சோடு அணைத்து நிற்கும் தாயிடம், குறைவாக எடுப்பதே நன்று என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? கண்மூடிய படம் ஒன்று இருந்திருந்தால், வாய் கோணிய படம் ஒன்று இருந்திருந்தால், அவர் அதையும் வைத்திருப்பார்.

ஆகவே இல்லாமையைப் புகழ்வதற்கு நமக்கு உரிமை இல்லை. தானே தெரிந்துகொண்ட அளவு, தெரிந்துகொண்டவனை மட்டுமே கட்டும். பிலிம் கமரா வாங்கிய மகன், பேரப்பிள்ளையின் படத்தைக் கனடாவிலிருந்து நாள்தோறும் கைத்தொலைபேசியில் எதிர்பார்த்திருக்கும் தாயிடம், “அம்மா, நான் இப்ப அப்படி எடுக்கிறதில்லை” என்று சொல்வானாயின் அது மட்டசனம் அல்ல, அடம். ஒருசந்தி இருப்பவர் விருந்தாளியைப் பட்டினி போடுவதில்லை.

அந்தத் தாயின் கையிலிருப்பது ஒரு கடதாசிப் பிரதி என்பதையும் மறக்கலாகாது. 2011 மார்ச் 11ஆம் திகதி யப்பானில் ஆழிப்பேரலை அடித்தபின், சேற்றிலிருந்து மீட்கப்பட்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப் படங்களை, முன்னர் சொன்ன அதே ரிக்கோ நிறுவனம் கழுவிச் சுத்தஞ்செய்து, உரியவர்களைத் தேடிக் கொடுக்க உதவியது. கடல்நீரில் ஊறிய பிரதிகளிலும் முகங்கள் எஞ்சியிருந்தன. கைத்தொலைபேசிக்குள் மட்டும் இருக்கும் படம், வேறெங்கும் பிரதி வைக்கப்படாவிடில், அந்தத் தொலைபேசியோடேயே போய்விடும். ஆயிரம் எடுத்து ஒன்றுமே இல்லாமற்போகும் வீடுகளும் இனி இருக்கும்.

நம் வீடுகளில் இந்தக் கேள்வி கூர்மையாக எழும் நாள் பிள்ளையின் முதல் நன்மை நாள். பூசையின்போது கைத்தொலைபேசிகள் உயர்வதையும், குருக்களும் ஆயர்களுங்கூட அப்படிச் செய்வதையும் காண்பது தமக்குத் துயரம் தருகிறதென்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8ஆம் திகதிய பொதுச் சந்திப்பில் வெளிப்படையாகவே கூறினார். அன்றைய தினத்துக்கு ஒரேயொரு றோல் என்று வீட்டார் முடிவுசெய்யலாம். கோவிலுக்குள் இரண்டு, வாசற்படியில் நான்கு, ஞானப்பெற்றோருடன் இரண்டு, வர இயலாத அப்பம்மாவின் வீட்டுக்குப் போய் அவரோடு இரண்டு என்று எண்ணும்போதே, யார் யார் நமக்கு முக்கியம் என்பதைப் பேச நேரும். படத்தைத் தகப்பனாரே எடுக்கவேண்டுமென்பதில்லை. வேறொருவரிடம் கமராவைக் கொடுத்துவிட்டு, தகப்பனார் தன் பிள்ளை நற்கருணை வாங்குவதைக் கண்ணாற் பார்க்கலாம்.

கழுவிக் கொடுக்கும் இடங்கள் அருகிவிட்டபடியால் றோல் திரும்பிவரச் சில கிழமைகள் செல்லலாம். வந்தபின் நெகற்றிவை ஈரம் படாத இடத்தில் வைக்கவேண்டும். ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. நமது மாரிகாலம் அதற்குப் போதும். கமராவையும் தோலுறைக்குள் பூட்டி வைக்கவேண்டாம், வில்லையிற் பூஞ்சணம் படரும். பிரதிகளின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனை மை நாளடைவில் மறுபக்கத்துக்கு ஊறிவிடும்.