மகிழ்நேரமும் நியாய விலையும்

ஒரே பண்டத்தை ஒரு வேளையில் ஒரு விலைக்கும் மற்றொரு வேளையில் வேறொரு விலைக்கும் விற்பது நியாயமாகுமா? மாலைச் சந்தையில் மீன் மலிவதையிட்டு எவரும் ஐயுறுவதில்லை. காலையில் இருந்த மீன் மாலையில் அதே மீனன்று. ஆயின் பண்டம் சிறிதும் மாறாதிருக்க, விலை மட்டும் பாதியாகுமிடத்து நிலைமை வேறு. ஐக்கிய அமெரிக்க நகரங்களின் சாதாரண உணவுச்சாலைகள் பலவற்றில், வாரநாள்களிற் பிற்பகல் மூன்று மணியளவிலிருந்து ஆறு மணியளவு வரை, பானங்களையும் சிற்றுண்டிகளையும் விலை குறைத்து விற்கும் வழக்கம் உண்டு. இதனை 'ஹப்பி அவர்' என்பர். மகிழ்நேரம் என்று இங்கு வழங்குவோம். இரவு ஏழு மணிக்கு 14 டொலர் பெறும் ஒரு தட்டுக் கோழிப்பொரியல் மாலை நான்கு மணிக்கு 7 டொலருக்குக் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். சமைப்பவர் அவரே, எண்ணெயும் அடுப்பும் அவையே. நான்கு மணிக்கு உண்பவர் 7 டொலர் 'இலாபம்' அடைந்ததாக எண்ணி மகிழ்கிறார். இந்த இலாபம் யாரிடமிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அற்ப விடயம் எனச் சிலர் கருதலாம். பெரிய கொடுக்கல் வாங்கல்களில் மனிதர் தம் மனச்சாட்சியை உடனழைத்துச் செல்கின்றனர். அதனை வீட்டில் விட்டுச் செல்வது இத்தகைய சிறு கொள்வனவுகளின்போதேயாம்.

சொல்லின் வரலாறு சுவையானது. முதலாம் உலகப்போரை அண்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் மாலுமிகளின் சலிப்பைப் போக்க நடத்தப்பட்ட குத்துச்சண்டை, இசை, திரைப்படக் காட்சி முதலியவற்றுக்கே இப்பெயர் வழங்கிற்று. 1914 இல் அக்கடற்படைக் கப்பல்களில் மது தடை செய்யப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்கினால், மதுவின்றிப் பிறந்த சொல் பின்னர் மதுச்சாலையிற் குடிபுகுந்த விந்தை புலனாகும். சொல் கடற்படைக்குரியதாயினும் உத்தி அதனினும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் தவறணைகள், ஒரு பானம் வாங்குவோருக்கு மதிய உணவை இலவசமாக அளித்தன. அவ்வுணவிற் பெரும்பகுதி உப்பு மிகுந்தது. உப்பு தாகத்தை வளர்க்கும்; தாகம் கல்லாப்பெட்டியை நிரப்பும். இலவசம் என்ற சொல்லை ஆராய விரும்பும் மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

இனி, உணவுச்சாலைக்காரர் ஏன் இவ்வாறு செய்கிறார் எனப் பார்ப்போம். அவர் விற்பது உணவு மட்டுமன்று. ஒரு நாற்காலியை ஒரு மணிநேரத்துக்கு விற்கிறார். நான்கு மணிக்கு வெறுமையாய்க் கிடந்த நாற்காலியை எடுத்துவைத்து ஏழு மணிக்கு விற்க இயலாது. வாடகை, மின்சாரம், ஊழியர் வேதனம் ஆகியன ஆள் வந்தாலும் வராவிட்டாலும் செலவாகின்றன. எனவே மூலப்பொருட் செலவுக்கு மேல் எது கிடைப்பினும் அது அவருக்கு ஆதாயமே. விமான நிறுவனங்கள் வெற்று ஆசனங்களை மலிவாக விற்கக் கற்றுக்கொண்டதும் இதே கணக்கின்படிதான். ஏழு மணிக்கோ கேள்வி மிகுதி, நிரம்பல் குறைவு. ஒருவர் அமர்ந்தால் மற்றொருவர் வாசலில் நிற்கவேண்டும்.

நியாய விலை பற்றி 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய தோமஸ் அக்குவைனாஸ் இவ்விடத்துப் பயன்படுகிறார். ஒரு பொருளை இழப்பதனால் விற்பவனுக்கு நட்டம் ஏற்படுமாயின் அவன் அந்நட்டத்தையும் விலையிற் சேர்க்கலாம். வாங்குபவனின் தேவை பெரிது என்ற காரணத்தினால் மட்டும் விலையை உயர்த்தலாகாது என்பது அவர் கொள்கை. இதன்படி நோக்கின், ஏழு மணி விலையில் மற்றொரு வாடிக்கையாளரை இழக்கும் நட்டம் அடங்கியுள்ளது. நான்கு மணி விலையில் அது இல்லை. வேளை என்பது பண்டத்தின் ஒரு கூறு. ஆகவே மலிந்த வேளையில் உண்பவர் உணவுச்சாலைக்காரரை ஏய்க்கவில்லை. 'பாவம், அவர் நட்டத்தில் விற்கிறார்' எனக் கண்ணீர் விடவும் வேண்டியதில்லை.

பொதுமக்களின் நியாய உணர்வும் இதனை ஏற்கிறது, ஒரு நிபந்தனையுடன். 1986 இல் கானமன், நெற்ஸ், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வொன்றில் ஒரு மோட்டார் வாகன விற்பனையாளர் பற்றிய வினா இடம்பெற்றது. வாகனத் தட்டுப்பாட்டின்போது அவர் பட்டியல் விலைக்கு மேல் 200 டொலர் கேட்பது நியாயமற்றது என 71 வீதத்தினர் கூறினர். முன்பு 200 டொலர் கழிவு வழங்கிவந்தவர் அக்கழிவை நிறுத்திப் பட்டியல் விலைக்கே விற்பதை 58 வீதத்தினர் ஏற்றுக்கொண்டனர். இரண்டிலும் வாங்குபவர் மேலதிகமாகச் செலுத்துவது அதே 200 டொலரே. 2024 ஆம் ஆண்டில் வெண்டீஸ் என்னும் துரித உணவு நிறுவனத்தின் தலைவர், வேளைக்கேற்ப மாறும் விலைமுறையைப் பரீட்சிக்கவுள்ளதாகக் கூறியபோது பெருங் கண்டனம் எழுந்தது. கூட்டமான நேரத்தில் விலையை உயர்த்தும் எண்ணம் தமக்கில்லை என நிறுவனம் விளக்கமளிக்க நேர்ந்தது. நான்கு மணிக்குக் கழிவு என்றால் மகிழ்ச்சி. ஏழு மணிக்கு மிகைவிலை என்றால் கொதிப்பு. கணக்கு ஒன்றாயினும் பெயர் வேறு. மனித மனத்தின் இந்தப் பலவீனத்தை வணிகர் நம்மினும் நன்கு அறிவர்.

இப்பலவீனமே நுகர்வோனை ஏமாற்றுகிறது. 1985 இல் றிச்சட் தேலர் எழுதிய கட்டுரையொன்று, ஒருவர் ஒன்றை வாங்கும்போது இருவகைப் பயன் அடைகிறார் எனக் காட்டிற்று. ஒன்று அப்பண்டத்தால் வரும் பயன். மற்றது பேரத்தால் வரும் இன்பம். கடற்கரையிற் படுத்திருக்கும் ஒருவருக்கு நண்பர் பியர் வாங்கிவரச் செல்கிறார். எவ்வளவு வரை கொடுக்கலாம் எனக் கேட்கிறார். ஆடம்பர விடுதியில் வாங்குவதாயின் 2.65 டொலர் எனவும், பழைய சிறு கடையில் வாங்குவதாயின் 1.50 டொலர் எனவும் விடைகளின் இடையங்கள் அமைந்தன. குடிக்கப்போவது அதே கடற்கரையில், அதே பியர். நாவுக்கு வேறுபாடில்லை, 'இங்கே இவ்வளவுதான் கொடுக்கவேண்டும்' என்ற எண்ணமே வேறுபட்டது.

மகிழ்நேரம் இந்தப் பேரவின்பத்தையே பெரும்பாலும் விற்கிறது. பசியில்லாத ஒருவர் நான்கு மணிக்குச் சென்று, பாதி விலை என்பதற்காக மூன்று தட்டு வருவித்து, 21 டொலர் மிச்சம் பிடித்ததாகப் பெருமை கொள்கிறார். உண்மையில் அவர் செய்தது 21 டொலர் செலவு. மார்க்சியச் சொல்லாட்சியிற் கூறின், பரிமாற்றுப் பெறுமதிகள் இரண்டின் வேறுபாட்டை உண்டு, பயன்பாட்டுப் பெறுமதியைத் தட்டிலேயே விட்டுவந்தவர் அவர். இதற்கு மாறாக, மதிய உணவைக் குறைத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் பசியோடு செல்பவர், முழுவிலையிலும் தாம் விரும்பி உண்ணக்கூடிய ஒன்றையே பாதி விலைக்கு வாங்கி, இரவு உணவை அத்துடன் முடித்துக்கொள்வாராயின், அவர் பெற்றதே பெறுமதி. தட்டின் அளவு குறைந்துள்ளதா, மதுபீடத்து ஆசனங்களில் அமர்வோருக்கு மட்டுமா சலுகை, கடைசித் தட்டை எத்தனை மணிக்குள் சொல்லவேண்டும் என்பனவற்றை அவர் முன்னரே கேட்டறிகிறார். 'இது பாதி விலையாக இராமல் இதுவே இதன் விலையாக இருந்திருப்பின் வாங்கியிருப்பேனா?' என்று தம்மைத் தாமே வினவுவதற்கு ஒரு கணம் போதும். இன்பவாதி எனத் தூற்றப்பட்ட எபிகியூரஸ் எளிய உணவிலேயே நிறைவு கண்டவர்; பசிதான் அவர் அறிந்த சிறந்த சுவையூட்டி. அவர் உயிரோடிருந்தால் ஐந்து மணிக்காரரின் பக்கமே நிற்பார் என எண்ணுகிறேன்.

மதுவின் நிலை வேறு. உணவுக்கு வயிறு எல்லை வகுக்கும். மதுவோ எல்லை வகுக்கும் அறிவையே முதலிற் கொண்டுபோகும். இதனாலேயே அரசுகள் இதிலே தலையிட்டன. மசாச்சுசெற்ஸ் மாநிலம் 1984 இல் மதுவுக்கான மகிழ்நேரக் கழிவைத் தடைசெய்தது. உணவுக்கான கழிவுக்கு அங்கு தடையில்லை. அயர்லாந்து 2003 இல் தடைவிதித்தது. ஸ்கொட்லாந்தில் 2009 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மதுவின் விலையை 72 மணிநேரத்துக்குள் மாற்றலாகாது என விதித்ததன் மூலம் மகிழ்நேரத்தின் அடிப்படையையே தகர்த்தது. இலினோய் மாநிலமோ தன் பழைய தடையை 2015 இல் தளர்த்தி, நாளொன்றுக்கு நான்கு மணிநேரம், வாரத்துக்குப் பதினைந்து மணிநேரம் என வரையறுத்தது. தனிமனிதர் சுதந்திரம் பற்றிய வாதத்துக்கு இங்கு இடமுண்டு எனினும், நுகர்வோனின் மதிநுட்பத்தை நம்பி விலை குறைக்கப்படுவதும் அதன் தளர்ச்சியை நம்பி விலை குறைக்கப்படுவதும் ஒன்றாகா.

இதுவரை கூறியதில் வாங்குபவரும் விற்பவரும் மட்டுமே தோன்றினர். மேசைக்கும் அடுக்களைக்குமிடையே நடந்துகொண்டிருக்கும் மூன்றாமவரை மறந்தோம். அறச்சிக்கல் அவரிடமே தொடங்குகிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி சாதாரண ஊழியரின் ஆகக்குறைந்த மணிவேதனம் 2009 முதல் 7.25 டொலர். இனாம் பெறும் பரிசாரகருக்கோ முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டியது 2.13 டொலர் மட்டுமே. இத்தொகை 1991 முதல் மாறவில்லை. எஞ்சியது வாடிக்கையாளரின் இனாமாக வந்துசேர வேண்டும். இனாம் நம் நாட்டில் ஒரு மனமகிழ்வுக் கொடை. சிங்களப் பேச்சுவழக்கில் அதன் பெயரே 'சந்தோசம்'. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது மாற்றுருவில் வரும் வேதனம். வழக்கமாக அது விலைச்சிட்டையில் 15 முதல் 20 வீதம் எனக் கணிக்கப்படும்.

14 டொலர்த் தட்டுக்கு 20 வீதம் 2.80 டொலர். அதே தட்டு 7 டொலருக்கு விற்கப்படும்போது 20 வீதம் 1.40 டொலர். பரிசாரகர் பாதித் தூரமா நடந்தார்? பாதித் தட்டையா தூக்கினார்? சிறுசிறு தட்டுகளாக வருவதால் நான்கு மணிக்கு அவர் நடை கூடவே செய்யும். உணவுச்சாலைக்காரர் விலையைக் குறைத்தது தம் விருப்பத்தின்பேரில். பரிசாரகரின் ஊதியம் குறைந்தது எவரும் அவரைக் கேளாமலே. நான்கு மணிக்காரரின் இலாபம் யாரிடமிருந்து வந்தது என்ற வினாவுக்கு ஒரு பகுதி விடை இது: 7 டொலர் வெற்று நாற்காலியிலிருந்து வந்தது, 1.40 டொலர் ஓர் உழைப்பாளியிடமிருந்து வந்தது.

இனாமும் நேர்வேதனமும் சேர்ந்து 7.25 டொலருக்குக் குறையுமாயின் முதலாளி நிரப்பவேண்டும் எனச் சட்டம் கூறுகிறதே என்பர். உண்மை. ஆயின் அக்கணக்கு வாரம் முழுவதற்குமாகப் பார்க்கப்படுகிறது. வெள்ளி இரவில் ஓடியாடிச் சம்பாதித்த இனாம், செவ்வாய் மாலையின் வறட்சியை ஈடுசெய்துவிடும். முதலாளியின் கைக்கு வேலையில்லை.

இதனினும் வலிய மறுப்பு வேறொன்று உண்டு. இனாம் முறையே அநீதியானது. நிறைவாகக் கொடுப்பவர் அவ்வநீதிக்கு முட்டுக்கொடுக்கிறார் என்பது அது. இனாம் முறை அநீதியானது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அம்முறையை எதிர்ப்பதாகக் கூறி 1.40 டொலரைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்பவர், அதே முறை தந்த மலிவுத் தட்டை மறுக்கவில்லையே. எதிர்ப்பின் செலவை வலுக்குறைந்தவரின் தலையிற் சுமத்தும் புரட்சி மலிவானது. பட்டினப்பாலை போற்றும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொடுக்கும்போது மட்டுமன்றிக் கொள்ளும்போதும் அளவறிந்தவராகவே காட்டப்படுகின்றனர். கொள்பவனுக்கும் ஒரு நடுவுநிலை உண்டு என்பதை நம் இலக்கியம் எவ்வளவு முன்னரே கண்டிருக்கிறது!

கையிற் பணமில்லாத மாணவர் என்ன செய்வது என வினவலாம். கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். மகிழ்நேரத் தட்டின் விலை 7 டொலர் அன்று. முழுவிலைக்குரிய இனாமையும் சேர்த்து 9.80 டொலர். ஏழு மணிக்குச் சென்றிருப்பின் 16.80 டொலர் ஆகியிருக்கும். வரியைத் தவிர்த்துப் பார்க்கின் முழு 7 டொலரும் மிச்சந்தான், குறைந்தது எதுவுமில்லை. 9.80 டொலருக்கு அத்தட்டு அவருக்குப் பெறுமதியானதாயின் செல்லட்டும். அன்றேல் அறையிற் சமைத்துண்பது நன்று. கலிபோர்னியா, ஒறிகன், வாஷிங்டன் முதலிய மாநிலங்களில் பரிசாரகருக்கும் முழுமையான ஆகக்குறைந்த வேதனம் கிடைப்பதால் அங்கு இக்கடமை சற்று இலேசாகும்; முற்றாக நீங்காது. கொழும்பு விடுதிகளில் விலைச்சிட்டையோடு 10 வீதச் சேவைக்கட்டணம் சேர்க்கப்படுகிறது. கழிவு போன பின்னர் அக்கணக்குப் போடப்படுமிடத்தும் இதே சிக்கல் உண்டு. எவரும் கையால் எண்ணிக் கொடுப்பதில்லையாதலால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுக்களையில் நிற்பவரைப் பற்றியும் ஒரு சொல். நான்கு மணிக்குரிய கோழியையும் ஏழு மணிக்குரிய கோழியையும் பொரித்தவர் அவரே. 2018 இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டம் சமையலாளருக்கும் இனாமிற் பங்களிக்க இடமளித்தது. ஆயின், பரிசாரகருக்கு முதலாளி முழு ஆகக்குறைந்த வேதனத்தைத் தாமே கொடுக்கும் இடங்களில் மட்டுமே அந்தப் பங்கைக் கட்டாயமாக்கலாம். 2.13 டொலர் கொடுக்கப்படும் உணவுச்சாலையில், வாடிக்கையாளர் மேசையில் விட்டுச்செல்வது எவ்வளவாயினும், அதிலே பங்குகேட்க அடுப்படியில் நிற்பவருக்கு உரிமையில்லை.