கப்பலில் வந்தவர்களும் மலையருகே வசிப்பவர்களும்



விடுமுறை நெருங்குகிறது. குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய்வர எண்ணியிருக்கிறேன், அதில் குற்றமுண்டோ என்று நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கேட்டார். 2022-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இத்தகைய கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் இலங்கைக்கும் சென்றது. "குற்றமொன்றுமில்லை, ஞாயிறு பூசையை மறவாமல், சந்தோஷமாய்ப் போய்வாருங்கள்" என்றேன். ஆனால் அவர் போனபின் பழைய சம்பவமொன்று என் மனதை உறுத்திற்று. அதை உங்களுக்கு மறைக்கமாட்டேன்.

சில காலத்துக்கு முன் ஒரு விருந்தாளியைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். 1523-ல் கட்டப்பட்ட தேவமாதா கோவிலில், 1547-ல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை விளங்கும் பீடத்தின் முன், அன்னிய தேசத்து மூதாட்டி ஒருத்தி முழங்காலிலிருந்தாள். துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வந்தவள். எழுந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "சுவாமி, அருகில்தான் இருக்கிறீர்களா? அப்படியானால் அடிக்கடி வருவீர்களே!" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். அதற்கு முன் நான் அம்மலைக்கு வந்தது எப்போது? வேறொரு விருந்தாளி வந்தபோது!

அர்ச். தோமையாரும் கப்பலில் வந்தவரே. 52-ஆம் ஆண்டில் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கினார் என்பது நம் பாரம்பரியம். அவர் ஊர் பார்த்துத் திரும்பிப் போகவில்லை. 72-ல் இம்மலையிலேயே ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியாய் மரித்தார். ஆண்டவருடைய திருக்காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டவர், கடைசியில் தாமே அக்காயத்தைத் தம் சரீரத்தில் ஏற்றார்.

ஸ்பெயின் தேசத்திலும் இப்படியொரு மலையுண்டு. பார்சலோனாத் துறைமுகத்தில் இறங்கும் கப்பல் யாத்திரிகர் பலர், மொன்செராத் மலைமேலுள்ள தேவமாதாவைத் தரிசித்து அன்றே திரும்புகிறார்கள். 1522-ல், மங்கள வார்த்தைத் திருநாளின் முன்னிரவில், அர்ச். இஞ்ஞாசியார் அங்கே விடியுமட்டும் ஜெபித்தார். தம்முடைய போர்வாளை அங்கேயே விட்டார். விலையுயர்ந்த உடையை ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்தார். மலையேறிய வீரன் வேறு, இறங்கிய யாத்திரிகன் வேறு.

பிரியமானவர்களே, நாம் மலையிலிருந்து என்னென்னவோ கொண்டுவருகிறோம்: புகைப்படம், ஜெபமாலை, மெழுகுதிரி. அங்கே விட்டுவருவது என்ன? உடன்பிறந்தானோடு பாகத்துக்காக நடத்தும் வழக்கா? மாமியார் மருமகள் வருஷக்கணக்காய்ப் பேசாத வைராக்கியமா? சம்பளத்தன்று வீடு வந்து சேராத குடியா? அவனவனுடைய வாள் இன்னதென்று அவனவன் அறிவான்.

பெருங்குடியிலிருந்து அம்மலை சில மைல் தூரமே. உயரமும் ஏறக்குறைய முந்நூறு அடிதான். அருகிலிருப்பதாலேயே நமக்கு அது தூரமாகிவிட்டது. கடல் கடந்து வந்தவளுக்குக் கிடைத்த கண்ணீர், மலையருகே வசிக்கும் நமக்குக் கிடைக்காமற்போனால் நியாயத் தீர்வையில் என்ன உத்தரம் சொல்வோம்?

வருகிற சனிக்கிழமை காலையில் நான் படிவழியாய் ஏறப் போகிறேன். இம்முறை விருந்தாளி எவருமில்லை. விட்டுவரவேண்டியது எனக்கும் ஒன்றுண்டு. உங்களுக்கும் இருந்தால், கூட வாருங்கள்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி