தேடிச் செல்லும் அறம்

உதவி செய்தல் அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், உதவியை ஓரிடத்தில் வைத்துவிட்டு, 'வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்க' என்று அறிவிப்பதோடு அறம் நிறைவுறுமா? வேண்டுவோரைத் தேடிச் செல்வதும் அதன் கடமையா? இவ்வினா தனிமனிதருக்கு மட்டுமன்று, அரசுகளுக்கும் உரியது. இதனை ஆராய அமெரிக்க நாட்டு உழவர்களின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1930ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் பெருஞ்சமவெளி பெருந்துயர் கண்டது. புல்வெளிகளை உழுது கோதுமை விளைத்தனர். மழை பொய்த்தது. பிடிப்பிழந்த மேல்மண் காற்றிலே பறந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் வழங்குவர். அதே மாதம் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஹியூ பென்னட் என்னும் மண்ணியல் அறிஞரின் தலைமையில் அதற்கெனத் தனித் துறையும் அமைந்தது. நிலம் உழவனுடையதாயினும், அதன் மண் பிறவாத தலைமுறைக்கும் உரியது என்பதை அரசு ஏற்றுக்கொண்டமைக்கு அச்சட்டம் சான்றாகும்.

அன்று தொடங்கிய பணி பின்னர்ப் பலவாறு விரிந்தது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தில் பயிரிடாது புல்லோ மரமோ வளர்ப்போருக்கு 10 முதல் 15 ஆண்டுகள்வரை வாடகை வழங்க 1985ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. மண்ணையும் நீரையும் காக்கும் வேலைகளின் செலவை அரசு பகிர்ந்துகொள்ளும் திட்டம் 1996இல் வந்தது. 'கவுண்டி' எனப்படும் உள்ளூர் மாவட்டங்களில் இவற்றுக்கான அலுவலகங்கள் இயங்குகின்றன. உழவர்களே தேர்ந்தெடுக்கும் குழுக்களும் உண்டு.

இத்துணையும் இருந்தும் உதவி எல்லார்க்கும் எட்டியதா? இல்லை. பண்ணையை அரசிடம் பதிவு செய்தாலன்றி இத்திட்டங்களில் சேர இயலாது. பதிவு செய்ய நிலத்திற்குரிய பத்திரம் வேண்டும். பாட்டனார் உயில் எழுதாமல் மறைந்திருப்பார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பங்கு பிரிக்காமலே உழுதுவருவர். அவர்கள் மண்ணில் சிந்திய வியர்வைக்குப் பத்திரம் ஏது? இத்தகையோர் வேறு சான்றுகளைக் காட்டிப் பதிவு செய்ய 2018ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. மேலும், செலவுப் பங்கீட்டில் பெரும்பாலும் உழவன் முன்னதாகச் செலவிட்டுப் பின்னரே அரசின் பங்கைப் பெறுகிறான். கையில் முதல் இல்லாதவன் என் செய்வான்? வாயிலுக்கு வந்தவர்க்கெல்லாம் வாயில் திறந்ததென்றும் கூறுவதற்கில்லை. கடனும் உதவியும் வழங்குவதில் இனவேற்றுமை காட்டப்பட்டதென்று கறுப்பின உழவர்கள் 1997இல் வேளாண்மைத் துறைமீது வழக்குத் தொடுத்தனர். 1999இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி இழப்பீடு வழங்கப்பட்டது.

'அரசு அறிவித்துவிட்டது; தேடாதவன் குற்றத்திற்கு அரசு என்ன செய்யும்?' என்று கேட்பாரும் உளர். அவர் கூற்றிலும் ஓரளவு உண்மையுண்டு. முயற்சியில்லாதவனுக்கு எவ்வுதவியும் நிலைக்காது. எனினும், இரவு பகல் பாராது வயலில் உழைப்பவனை முயற்சியில்லாதவன் எனல் தகுமா? திருக்குறளில் 'உழவு' அதிகாரத்தை அடுத்து 'நல்குரவு', 'இரவு', 'இரவச்சம்' என்பன வரிசையாக நிற்கின்றன. உழுபவன் தளர்ந்தால் வறுமை வரும், வறுமை இரக்கத் தூண்டும், மானமோ தடுக்கும். அலுவலக வாயிலில் தயங்கி நிற்கும் சிற்றுழவனின் உள்ளத்தை அவ்வரிசையே காட்டுவது போலும்!

உண்மையில் அவன் இரப்பவனே அல்லன். அவன் காக்கும் மண்ணால் ஊர் உண்கிறது. அவன் தடுக்கும் அரிப்பால் ஆறு தெளிகிறது. அவன் பெறுவது பிச்சையன்று, பொதுநலப் பணிக்குரிய ஊதியம். ஊதியத்தை உழைத்தவன் தேடியலைய வேண்டுமென்பது முறையாகுமா?

இதற்கு விடையும் அந்நாட்டிலேயே உண்டு. வேளாண் கல்லூரிகளின் அறிவை ஊர்ப்புறத்திற்குக் கொண்டுசெல்ல 1914இல் ஒரு சட்டம் இயற்றினர். அதன்வழிப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் வயலுக்கே சென்று, உழவனோடு நின்று செய்து காட்டினர். அறிவு நடந்து சென்ற பாதையில் உதவியும் நடந்து செல்லலாம் அன்றோ?

சட்டம் ஏட்டில் இருப்பது தொடக்கமே. அது கடைக்கோடி உழவனின் வரப்பில் கால் வைக்கும் நாளிலேதான் அறம் என்னும் பெயருக்கு உரியதாகும்.